மாற்று ஆட்டக்காரர் கார்னெல் பூட்ரோவின் நிகர மதிப்பு

டோலிடோ கண்ணாடியர் அணிக்காக கார்னெல் பூட்ரோ ஒன்பது வருஷம் ஆடினார் என்று ஊரில் சொல்வார்கள். கறாராகப் பார்த்தால், ஒன்பது வருஷம் ஆடத் தயாராக இருந்தார் என்பதுதான் சரி.

எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை கொஞ்சம், தோளுக்குத்தான் வேலை அதிகம். முட்டி மோதும் முன்வரிசைக்குப் பின்னால் நட்டநடுவில் நிற்பவர் நடு லைன்பேக்கர். எதிரணி பந்தை எந்தப் பக்கம் கொண்டுவரும் என்று மோப்பம் பிடித்து, தன் அணியின் மற்ற பத்துப் பேரையும் அதற்கேற்ப நகர்த்தி நிறுத்துவது அவர் பொறுப்பு. கண்ணாடியர் அணியில் அந்த இடத்தில் கேஜ் மெக்கர்டி என்ற இருபத்துமூன்று வயதுக்காரன் இருந்தான். குதிரை வேகம், காளை பலம். எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கேஜுக்குக் கால் பிசகினாலோ மூச்சு வாங்கினாலோ ஆடுவதற்காக வைத்திருந்தவர்தான் கார்னெல். ஆனால் கேஜுக்குக் கால் பிசகுவதே இல்லை.

அதனால் கார்னெல் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். கேஜின் தலைக்கவசத்துக்குள் கோச்சின் குரல் வரும் கருவி ஒன்று உண்டு. பந்தை எடுக்கப் பதினைந்து விநாடி இருக்கும்போது அது அணைந்துவிடும், விதி அப்படி. எதிரணி அதற்குப் பிறகுதான் இடம் மாறி நிற்கும். அந்தப் பதினைந்து விநாடியும் கார்னெலின் தொண்டையையும் அவர் கையிலிருந்த வெள்ளைத் துண்டையும் நம்பித்தான் ஓடியது. துண்டை இடது தோளில் போட்டால் இடப்பக்கம் நகர், வலது தோளில் போட்டால் வலப்பக்கம், முகத்தைத் துடைத்தால் ஓடிப்போய்ப் பந்து வைத்திருப்பவனை அமுக்கு. கேஜ் ஓரக்கண்ணால் துண்டைப் பார்ப்பான், நகர்வான், அமுக்குவான். ஊர் கேஜைக் கொண்டாடும். கார்னெல் துண்டைப் பிழிந்து காயப்போடுவார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அணியின் உரிமையாளர், நான்காவது மாடியில் 'ஆட்டக்காரர் மதிப்பீட்டுப் பிரிவு' என்ற ஒன்றைத் திறந்தார். அதற்குத் தலைவராக டாக்டர் லேலண்ட் ஃபிப்ஸ் வந்தார். அதற்கு முன் ஒரு பெரிய மளிகைக் கடை நிறுவனத்தில் இருபது வருஷம் இருந்தவர். கோடைப் பயிற்சி தொடங்கிய வாரத்தில் கார்னெலுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. 'இரண்டாம் நிலை இருப்பு' என்ற தலைப்பில் அவரை மதிப்பிடப் போவதாகவும், நேரில் வரும்போது தம்மைத் தாமே கொண்டுவர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

அறையில் மடிக்கணினியோடு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவருடைய கழுத்தும் கார்னெலின் மணிக்கட்டைவிடத் தடிமனாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே மாமீ ஆறு ஓடியது. திரையில் கார்னெலின் புகைப்படமும், அதன் கீழே பெரிய எழுத்தில் 0.00 என்றும் இருந்தது.

"அது என்னங்க?" என்றார் கார்னெல்.

"அது நீங்க, மிஸ்டர் பூட்ரோ" என்றார் டாக்டர் ஃபிப்ஸ் கனிவாக. "பயப்படாதீங்க. ஒரு ஆட்டக்காரரோட மதிப்புன்னா என்ன? அவரைத் தூக்கிட்டு, அந்த இடத்துல ரொம்பச் சாதாரணமான ஒரு மாற்று ஆட்டக்காரரை நிறுத்தினா எத்தனை வெற்றி குறையும், அதுதான் மதிப்பு. சரி, அந்தச் சாதாரண மாற்று ஆட்டக்காரர் யாரு? மூணு மாசம் நாடு முழுக்கத் தேடினோம். கடைசியில பார்த்தா கீழ்மாடியிலேயே இருக்கீங்க! உங்களைவிடச் சாதாரணமானவர் எங்கயுமே இல்ல."

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். கார்னெலும் மரியாதைக்காகத் தட்டினார்.

"அப்ப என்னைத் தூக்கிட்டு, என் இடத்துல என்னையே நிறுத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். ரெண்டு வாரம் கம்ப்யூட்டர் ஓடிச்சு. வித்தியாசமே இல்ல. அதான் பூஜ்யம்."

"அப்படின்னா என்னை வேலையை விட்டு எடுக்கறீங்களா?"

"சேச்சே! நீங்கதான் அளவுகோல். எல்லாரையும் உங்களை வெச்சுத்தான் அளக்கறோம்."

"எனக்குக் கீழ யாராச்சும் இருக்காங்களா?"

"பதினோரு பேர் மைனஸ்ல இருக்காங்க."

"அவங்களை எடுத்துடுவீங்களா?"

டாக்டர் ஃபிப்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களைத் தேர்ந்தெடுத்தது எங்க பிரிவு. எங்களை மதிப்பிட எங்களுக்கு அதிகாரம் இல்ல." பிறகு உற்சாகமானார். "நான் மளிகைக் கடையில இருந்தப்ப, அலமாரியில முன்னாடி நிக்கிற சூப் டப்பாவை யார் வேணாலும் மதிப்பிடுவாங்க. அதுக்குப் பின்னாடி நிக்கிற டப்பாவோட மதிப்பை முதல்முதலா ஆராய்ஞ்சவன் நான்தான். ஏழு வருஷ ஆராய்ச்சி."

"என்னங்க கண்டுபிடிச்சீங்க?"

"முடிக்கறதுக்குள்ள டப்பாவுக்குத் தேதி முடிஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்து மனைவி ரெனிட்டாவிடம் சொன்னார். ரெனிட்டா பள்ளிப் பேருந்துகளுக்கு வானொலியில் வழி சொல்லும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். லூசியானாவில் பிறந்தவள், வாயில் மிளகாய் எப்போதும் இருக்கும்.

"ஒன்பது வருஷம் பனியில நின்னு கத்தினதுக்குப் பூஜ்யமா?" என்றாள், அடுப்பிலிருந்த கம்போ குழம்பைக் கிண்டிக்கொண்டே. "புள்ளிக்கு அப்புறம் வேற ரெண்டு பூஜ்யமா? சந்தேகமே வரக்கூடாதுன்னா?"

"அளவுகோல்னு சொன்னாங்க ரெனிட்டா."

"நான் ஒரு நாள் வாயை மூடினா நாப்பது பஸ்ஸு நடுரோட்டுல நிக்கும். எனக்கு அந்த ஆளு என்ன நம்பர் போடுவானாம்?"

கார்னெல் தட்டுகளை எடுத்து வைத்தார். அவருக்கு முப்பத்துமூன்று வயது. இரண்டு முழங்காலிலும் கத்தி பட்டிருந்தது. இந்த வேலை போனால் இன்னோர் அணி கூப்பிடுமா என்பது அவருக்கே சந்தேகம். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் போதும் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் ஒத்திகை ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்தில் மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்து, குறிப்பேடும் நிறுத்துக் கடிகாரமுமாக கார்னெலின் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியர் வென்றார்கள். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. மிஸ்டர் பூட்ரோ எழுந்து நின்றது அறுபத்துநான்கு முறை. உட்கார்ந்தது அறுபத்துமூன்று முறை. (ஒரு முறை கணக்கில் இடிக்கிறது, விசாரணை நடக்கிறது.) கத்தியது நூற்றுப்பன்னிரண்டு முறை. துண்டை இடம் மாற்றியது ஐம்பத்தெட்டு முறை. களத்தில் இறங்கியது ஒரு முறையும் இல்லை. எனவே கத்தலும் துண்டும் ஆட்டத்தோடு தொடர்பில்லாத இரைச்சல் என்று முடிவாகிறது. அடுத்த ஆட்டத்தில் இரைச்சலை நீக்கிவிட்டு மிஸ்டர் பூட்ரோவின் தூய மதிப்பு அளக்கப்படும்.

தடுப்பாட்டக் கோச் வெர்ன் சபோ அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு மாடியும் படியேறிப் போனார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை.

"யோவ் டாக்டர், அந்த இரைச்சல்தான்யா நம்ம தடுப்பாட்டம்!"

"கோச், உங்க முப்பது வருஷ அனுபவத்தை நாங்க ரொம்ப மதிக்கறோம். எங்க படிவத்துல அதுக்குன்னே ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கோம்."

"அதுல என்ன எழுதுவீங்க?"

"அதுல ஒண்ணும் எழுத முடியாது. ஆனா கட்டம் இருக்கு."

இரண்டாவது ஆட்டத்தில் கார்னெல் துண்டில்லாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய பையனைப் போல உட்கார்ந்திருந்தார். எதிரணியின் ஆட்கள் வலப்பக்கம் சரிவது அவருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. கேஜ் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தான். கார்னெல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். கேஜ் இடப்பக்கம் ஓடினான். பந்து வலப்பக்கம் போனது. இடைவேளைக்குள் எதிரணி இருபத்துநான்கு புள்ளி எடுத்துவிட்டது.

கேஜ் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, எம்மேல ஏதாச்சும் கோவமா?"

"இல்லடா. என்னை அளந்துக்கிட்டு இருக்காங்க."

"எப்ப முடியும்?"

"நீ தோத்து முடிச்சதும் முடியும். போ."

முப்பத்துநான்கு புள்ளி கொடுத்துத் தோற்றார்கள். ஆகஸ்ட் முழுக்க அப்படி ஒரு தோல்வி இல்லை. மறுநாள் நான்காவது மாடியில் கணக்குப் போட்டார்கள். கார்னெல் கத்தும்போது எதிரணி குறைவாக எடுக்கிறது. ஆனால் கத்தல் இரைச்சல், அதைச் சேர்க்க முடியாது. இரைச்சலை நீக்கினால் எதிரணி முப்பத்துநான்கு எடுக்கிறது. ஆகவே தூய கார்னெல் பூட்ரோ அணிக்கு நஷ்டம். மதிப்பு, மைனஸ் பூஜ்யம் புள்ளி நான்கு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அளவுகோல் புள்ளி நான்கு கீழே இறங்கியதால், அதை வைத்து அளந்த மற்ற ஐம்பத்திரண்டு பேரும் தலைக்குப் புள்ளி நான்கு மேலே ஏறிவிட்டார்கள். ஒருவரும் விரலை அசைக்காமல் ஒரே ராத்திரியில் அணியின் மொத்த மதிப்பு இருபதுக்கு மேல் கூடிவிட்டது. பதினேழு ஆட்டம் மட்டுமே உள்ள பருவத்தில் இந்த அணி இருபது ஆட்டத்தில் வெல்லும் என்று கணினி சொன்னது. உரிமையாளருக்குக் கேக் அனுப்பினார்கள். அவர் பதிலுக்குப் பெரிய கேக் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பயிற்சிக்கு வந்த கார்னெலை வாசலிலேயே ஓர் ஆள் நிறுத்தினார். "டாக்டர் கூப்பிடறார். ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் கையோட எடுத்துட்டு வரச் சொன்னார்." புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் பால்குடி மாறாதவனுக்கும் தெரியும்.

"மிஸ்டர் பூட்ரோ, நீங்க செஞ்சிருக்கற தியாகம் சாதாரணமானது இல்ல" என்றார் டாக்டர் ஃபிப்ஸ். அவர் உதட்டோரத்தில் இன்னும் கேக் கிரீம் இருந்தது. "நீங்க ஒருத்தர் இறங்கினதால ஐம்பத்திரண்டு பேர் உயர்ந்திருக்காங்க. எந்த வீரரும் இந்த அணிக்கு இவ்வளவு செஞ்சதில்ல. அதனாலதான் உங்களை எடுக்கறோம். மைனஸை வெச்சுக்கிட்டா எங்க நேர்மை என்னாகும்?"

"பதினோரு பேர் ஏற்கனவே மைனஸ்னு சொன்னீங்களே?"

"அதுல ஒன்பது பேர் இப்போ பிளஸ்! எல்லாம் உங்க தயவு."

கார்னெல் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு கேட்டார், "இனிமே பூஜ்யத்துக்கு யாரை வெச்சுப்பீங்க?"

"தேடிக்கிட்டு இருக்கோம். அப்படியே உங்களை மாதிரியே ஒருத்தர் வேணும். நீங்களா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கார் நிறுத்துமிடத்தில், வண்டியைக் கிளப்பாமல் கார்னெல் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷமாக அலமாரியில் கிடந்த செருப்பும் முழங்கால் பட்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் பக்கத்து இருக்கையில் இருந்தன. பயிற்சி மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் கால் ஒரு முறை உதறியது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ரெனிட்டாவின் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

விஷயத்தைச் சொன்னார். பின்னணியில் ஏதோ பேருந்து வழி கேட்டுக்கொண்டிருந்தது. "பதினேழாம் நம்பர், அங்கேயே நில்லு, என் புருஷன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு இவரிடம், "அழணும்னா அழுதுக்கோ, கார்னெல். ஆனா போனை மட்டும் சைலன்ட்ல போட்டுடாதே."

பிற்பகலில் போன் வந்தது. ஒமாஹா எருதுகள் அணி. பருவத்தின் முதல் ஆட்டத்தில் வருகிற ஞாயிறு டோலிடோவுக்கு வந்து கண்ணாடியரோடு மோத இருந்தவர்கள். தங்கள் அணியில் சேரக் கூப்பிட்டார்கள். கார்னெல் அன்றைக்கே விமானம் ஏறினார்.

ஒமாஹாவின் கோச் ப்ரண்டிஸ் அதிகம் பேசாத கிழவர். புகையிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார், "டோலிடோவோட சைகை எல்லாம் உனக்குத் தெரியுமாமே?"

"தெரியும் கோச். ஆனா சொல்ல மாட்டேன். அங்க இருக்கறவங்க என் பசங்க. என்னை வெச்சு ஜெயிக்கணும்னா களத்துல இறக்குங்க."

"உன்னை யாருய்யா சொல்லச் சொன்னது?" என்றார் கிழவர். "ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல நில்லு. அப்பப்ப என் காதுல ஏதாச்சும் முணுமுணு. நீ சொல்லிட்டேன்னு அவங்க நினைச்சாப் போதும்."

"என்ன முணுமுணுக்கறது?"

"காலையில என்ன சாப்பிட்டேன்னு சொல்லு."

டோலிடோவில் அதற்குள் நான்காவது மாடி தீப்பற்றிக்கொண்டது. கார்னெல் எதிரியிடம் போய்விட்டார், நம்முடைய சைகை அத்தனையும் அம்பலம் என்று டாக்டர் ஃபிப்ஸ் அவசரக் கூட்டம் போட்டார். மதிப்பில்லாத ஆளுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று கோச் சபோ கேட்டார். அது தனியாக ஆராய வேண்டிய கேள்வி என்று குறித்துக்கொண்டார்கள். நூற்று நாற்பத்தாறு சைகைகளும் நான்கே நாளில் மாற்றப்பட்டன. இடம் என்றால் இனி வலம். வலம் என்றால் இனி நில். அவற்றில் மூன்று சைகைகள் மிகவும் ரகசியமானவை என்பதால் ஆட்டக்காரர்களிடம் சொல்லப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பிளந்தது. கார்னெல் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கக் கோட்டில் நின்றார். சொந்த ஊர் ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக ஊருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது.

அவர் குனிந்து ப்ரண்டிஸின் காதில் சொன்னார், "ரெண்டு முட்டை, கோச். கொஞ்சம் சோளக்கஞ்சி." கிழவர் தலையை ஆட்டினார். எதிரே கண்ணாடியர் பதறிப்போய் முழு வரிசையையும் மாற்றினார்கள். "காப்பியில சர்க்கரை கம்மி." மறுபடி மாற்றினார்கள். பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்றதற்கு அபராதம் விழுந்தது.

இதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் வெயில் தாங்காமல் கார்னெல் ஒரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். களத்தின் நடுவே நின்றிருந்த கேஜ் அதைப் பார்த்துவிட்டான். புதுச் சைகை, பழைய சைகை எல்லாம் அவனுக்கு மறந்துபோனது. பந்து வைத்திருப்பவனை நோக்கிப் பாய்ந்தான். அவன் விட்டுப்போன இடம் வழியாக ஒமாஹா ஆள் பந்தோடு நடந்தே போனான்.

கார்னெல் திடுக்கிட்டுத் துண்டை இடது தோளில் போட்டார். கேஜ் இடப்பக்கம் ஓடினான். பந்து வலப்பக்கம் போனது. கார்னெல் பயந்துபோய்த் துண்டைத் தரையில் எறிந்தார். அப்படி ஒரு சைகையை முன்பின் பார்த்திராத கேஜ் நடுக்களத்தில் அப்படியே படுத்துவிட்டான்.

"என்னய்யா பண்றே?" என்றார் ப்ரண்டிஸ்.

"நான் ஒண்ணுமே பண்ணலை கோச்! சத்தியமா ஒண்ணுமே பண்ணலை!"

"அதையே பண்ணிக்கிட்டு இரு."

நாற்பத்தொன்றுக்கு மூன்று. கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது கிழவர் கார்னெலின் முதுகில் தட்டி, "போய்க் கொஞ்சம் ஆடிட்டு வா" என்றார். கார்னெல் களத்தில் இறங்கினார். நான்கு நாள் முன்புவரை முகம்கூடத் தெரியாத பத்துப் பேரைக் கைகாட்டி, அதட்டி, இரண்டடி இப்படி, ஓரடி அப்படி என்று நிறுத்தினார். பந்து எங்கே வரும் என்று அவர் நினைத்தாரோ அங்கேயே வந்தது. ஓடிவந்தவனைத் தோளோடு தோள் அடித்துக் கீழே சாய்த்தார். முழங்கால் இரண்டும் கத்தின. எழுந்து நின்றபோது, யாரும் எந்தக் குறிப்பேட்டிலும் எழுதாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கேஜ் தேடிக்கொண்டு வந்தான். "அண்ணே, எங்களை ஏமாத்தத்தானே அந்தத் துண்டை ஆட்டினே?"

"வேர்த்துச்சுடா."

கேஜ் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான், நிறுத்த முடியவில்லை. கார்னெலும் சிரித்தார். வேறு வேறு அணிச் சட்டைக்காரர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரிப்பதைப் பார்த்து ரசிகர்கள் மேலும் கூச்சல் போட்டார்கள்.

அதே நேரத்தில் டாக்டர் ஃபிப்ஸ் பத்திரிகையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் பூட்ரோ எங்ககிட்ட ஒன்பது வருஷம் இருந்தார். மதிப்பு, பூஜ்யம். நாங்க வெளிய அனுப்பின அஞ்சே நாள்ல முப்பத்தெட்டு புள்ளி வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கார். ஒரு மனுஷனோட மதிப்பை இவ்வளவு வேகமா உயர்த்திக்காட்டின பிரிவு இந்த நாட்டுல வேற இருக்கா?"

ஒரு நிருபர் கேட்டார், "ஆனா தோத்துட்டீங்களே?"

"தோத்தது அணி. நாங்க மதிப்பீட்டுப் பிரிவு."

உரிமையாளருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. பிரிவில் மேலும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ள அங்கேயே அனுமதி கொடுத்தார்.

ஆட்டம் உள்ளூரில் என்பதால் கார்னெலை ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு வரும்படி ப்ரண்டிஸ் அனுப்பிவைத்திருந்தார். திங்கள் காலை, ரெனிட்டா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வணக்கம் மேடம். டாக்டர் ஃபிப்ஸ். உங்க கணவரைத் திரும்ப எடுத்துக்க முடிவு பண்ணியிருக்கோம். எதிரணியில இருந்தா எங்களுக்கு மைனஸ் முப்பத்தெட்டு ஆகுது. எங்ககிட்டயே இருந்தா வெறும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யம் எங்களுக்கு இப்போ ரொம்ப அவசரமாத் தேவைப்படுது. முழு மரியாதையோட பூஜ்யமா வெச்சுக்கறோம்."

"அவர் தூங்கறாரு."

"எழுப்ப முடியுமா?"

"எழுப்பலாம். எழுப்பறதால எங்களுக்கு என்ன லாபம்னு ஒரு மூணு மாசம் ஆராய்ஞ்சு பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்குன்னு ஒரு கட்டம் ஒதுக்கி வையுங்க."

போனை வைத்தாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு, ரெனிட்டா?" என்று கார்னெலின் குரல் கேட்டது.

"ராங் நம்பர்" என்றாள் ரெனிட்டா. "நீ தூங்கு."